ஒளிப்பேனா படித்த எண்

கணினிக்குள் செருக வேண்டிய மின்சுற்று அட்டையைத் தொடுவதற்கு முன்னால் சல்கினாய் சுடுநீர்க் குழாயை ஒருமுறை தொட்டுக்கொண்டாள். மலைகளுக்கு நடுவே இருக்கும் நாரின் நகரத்துக் குளிர்காலத்தில் காற்று அவ்வளவு வறண்டு கிடக்கும். கம்பளிச் சட்டையைக் கழற்றினாலே பொறி பறக்கும். உடம்பில் சேர்ந்திருக்கும் அந்த மின்சாரம் விரல் வழியாக அட்டைக்குள் இறங்கிவிட்டால் அதோடு அது செத்தது. அல்மாட்டியில் ஏதோ ஒரு பரிசோதனைக் கூடத்தில் புதுக் கருவிகள் வாங்கியபோது கழித்துக் கட்டிய அட்டையை மருத்துவமனையின் டாக்டர் டோக்டோசுன் கேட்டு வாங்கி வந்திருந்தார். இன்னொன்று கிடைக்காது.

ரத்த வங்கியின் கணினி அவளைவிட நிதானமானது. ஆன் செய்துவிட்டுத் தேநீர் குடித்து முடிக்கலாம். மூடியைக் கழற்றியதும் உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி. தூரிகையால் அதைத் தள்ளிவிட்டு, காலியாக இருந்த இடத்தின் தகரத் தடுப்பைத் திருகாணி நீக்கி எடுத்தாள்.

"இந்த எலும்புக்கூட்டுக்கு இப்ப கிட்னி மாத்துறியாக்கும்," என்றாள் ஜிபார், பின்னாலிருந்து.

"கண்ணு வைக்கிறோம் அக்கா. இனிமே ரத்தப் பையில இருக்கற கோடுகளை இதுவே படிச்சுக்கும்."

"நான் ஒருத்தி இருக்கறப்ப இதுக்கு எதுக்குக் கண்ணு?"

ஜிபார் அவளுடைய நாத்தனார். ரத்த வங்கியில் தலைமைப் பரிசோதகர். சல்கினாயின் கணவன் மிர்லான் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்ற செய்தி வந்தபோது, ஊரே சல்கினாயின் முகத்தைப் பார்த்தது. அவளிடம் என்ன குறையோ என்று பார்த்தது. ஜிபார் மட்டும் தம்பியின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் போட்டாள். "போனவன் போகட்டும். நீ எங்க வீட்டுப் பொண்ணு" என்றாள். தன் வீட்டின் முன்னறையைக் காலி செய்து, இங்கேயே கணினி பழுது பார்க்கும் கடையை வை என்றதும் அவள்தான். அவளுடைய வாய்க்குத் தெருவே பயப்படும். அந்த வாய்தான் இத்தனை வருடமும் சல்கினாய்க்கு வேலியாக இருந்தது.

அட்டையை மெல்ல அழுத்தினாள். பாதி இறங்கி நின்றது. ஒரு ஓரத்தில் கொஞ்சம் அசைத்துக் கொடுத்ததும் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. திருகி முடித்து, பின்பக்கத்தில் கோடுகளைப் படிக்கும் ஒளிப்பேனாவின் வயரைச் செருகி, கணினியை எழுப்பினால், திரை பாதியில் உறைந்துவிட்டது. பக்கத்திலிருந்த மோடம் அட்டையும் இதுவும் ஒரே வழியைக் கேட்டுச் சண்டை போடுகின்றன என்று அவளுக்குப் புரிந்தது. மோடத்தை யாரும் தொட்டே வருடக்கணக்காகிறது. அதைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள். இந்த முறை எழுந்தது. பேனா முனையில் சிவப்பு வெளிச்சம் வந்தது.

"அக்கா, நான் பையில இருக்கற கோட்டு மேல பேனாவை இழுக்கறேன். அது சரியாப் படிக்குதான்னு பார்க்கணும். நீங்க லேபிள்ல கோட்டுக்குக் கீழ இருக்கற எண்ணை வாசிங்க."

பேனாவை இழுத்தாள். கணினி ஒரு கீச்சுச் சத்தம் போட்டது. திரையில் எண்கள் வந்தன. ஜிபார் பையை உயர்த்திப் பிடித்து வாசித்தாள். கடைசி எண் ஒத்துப்போகவில்லை. அவள் மூன்று என்றது திரையில் எட்டாக இருந்தது.

சல்கினாய் முதலில் சந்தேகப்பட்டது அட்டையைத்தான். கணினியை அணைத்து, மூடியைத் திறந்து, அட்டையை எடுத்து, முனைகளை அழிப்பானால் தேய்த்துத் திரும்பவும் பொருத்தினாள். வேறொரு பையை எடுத்தாள். மறுபடியும் ஒத்துப்போகவில்லை.

"உன் மெஷின் பொய் சொல்லுது," என்றாள் ஜிபார். "கட்டித் திருப்பி அனுப்பச் சொல்லு."

சல்கினாய் முதல் பையை எடுத்துத் தானே பார்த்தாள். எட்டுதான். சின்ன எழுத்து, ஆனால் தெளிவான எட்டு. அவள் நிமிர்ந்தபோது ஜிபார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

போன இலையுதிர் காலத்திலிருந்து நடந்த சின்னச் சின்ன விஷயங்கள் சல்கினாயின் மனதில் தாமாக வரிசையில் வந்து நின்றன. ஜிபார் தேநீர் ஊற்றியபோது கோப்பை நிரம்பி வழிந்தது. தெருவில் எதிரே வந்த சொந்தத் தங்கையைப் பார்க்காமல் போனது. அதைத் திமிர் என்றார்கள். ஜிபாரும் ஆமாம், திமிர்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

அப்போது பார்த்து டாக்டர் டோக்டோசுன் உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னம்மா, வேலை செய்யுதா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். பழைய கணினி, ஒத்துவரவில்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. ஜிபார் அசையாமல் நின்றாள்.

"வேலை செய்யுது டாக்டர்," என்றாள் சல்கினாய். "சரியாப் படிக்குது."

அவர் கையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தபடி போனார். கதவு சாத்தியதும் ஜிபார் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரி விடு. இனிமே எண்ணை நான் படிக்க வேண்டாம். அதுவே படிச்சுக்கும். நல்லதாப் போச்சு."

சல்கினாய் ஜன்னலோரம் இருந்த வெள்ளைத் தட்டைக் காட்டினாள். ரத்தத்தின் பிரிவைச் சோதிக்கும் குழித் தட்டு. மருந்துத் துளியில் ரத்தம் மணல்மணலாகத் திரிகிறதா, திரியாமல் இருக்கிறதா என்று கண்ணால்தான் பார்த்தாக வேண்டும்.

"அதை யாரு படிப்பா அக்கா?"

"எத்தனை வருஷமாப் பாக்குறேன். பழக்கத்துலயே தெரியும்டி."

"பழக்கத்துலயா, கண்ணுலயா?"

ஜிபாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என் வீட்ல உக்காந்து என்னையே கேள்வி கேக்குற?"

சொன்ன மறுகணமே அவள் அதற்காக வருந்தியது தெரிந்தது. ஆனாலும் சொல்லியாகிவிட்டது. சல்கினாய் திருகாணிகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக மூடியில் பூட்டத் தொடங்கினாள். ஒன்று கீழே விழுந்து உருண்டது. இருவரும் அதைத் தேடவில்லை.

"கண்ணு டாக்டர்கிட்டப் போகலாம்னுதான் இருந்தேன்," என்றாள் ஜிபார். "போனா வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிக் குடுத்துருவாங்க. அப்புறம் வீட்ல உக்காந்து யாரைத் திட்டுறது?"

நடைபாதையில் செருப்புச் சத்தம் ஓடி வந்தது. பிரசவப் பிரிவிலிருந்து ஒரு நர்ஸ், கையில் ரத்தம் எடுத்த சோதனைக் குழாய். குழந்தை பிறந்துவிட்டது, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை, சீக்கிரம் அக்கா, என்றாள் மூச்சு வாங்க.

ஜிபார் எழுந்தாள். தட்டில் மருந்துத் துளிகளை விட்டாள். பக்கத்தில் ரத்தத் துளிகளை வைத்தாள். கண்ணாடிக் குச்சியால் கலக்கினாள். கை ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. தட்டை மெதுவாகச் சாய்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஜன்னலுக்குக் கொண்டு போனாள். நெற்றி கண்ணாடியில் முட்டும் அளவுக்குக் குனிந்தாள். நர்ஸ் காலை மாற்றி மாற்றி நின்றாள். சல்கினாய்க்கு அந்தத் தட்டைப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவள் சொல் எடுபடாது.

"மெடினா!" என்று ஜிபார் பக்கத்து அறையைப் பார்த்துக் கத்தினாள். அடுத்த பரிசோதகர் மெடினா, ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவள், கையுறையோடு ஓடி வந்தாள்.

"நீ பாரு. எனக்குத் தெரியல."

"என்னக்கா, வெளிச்சம் பத்தலையா?"

"வெளிச்சம் இருக்கு. என் கண்ணுக்குத்தான் தெரியல. பாத்துச் சொல்லு, ஒரு பொண்ணு காத்துட்டிருக்கா."

மெடினா பார்த்தாள். சொன்னாள். இன்னொரு தட்டில் தானே ஒருமுறை செய்து பார்த்து அதே பிரிவைத்தான் சொன்னாள். குளிர்பெட்டியிலிருந்து பையை எடுத்து, தாயின் ரத்தத்தோடு அதையும் ஒத்துப் பார்த்த பிறகு, சல்கினாய் பேனாவை இழுத்தாள். கணினி கீச்சிட்டது. நர்ஸ் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். மெடினா ரத்தம் எடுக்கப் பக்கத்து அறைக்குத் திரும்பினாள்.

பொழுது சாய்ந்து வீட்டுக்குக் கிளம்பும்போது பிரசவப் பிரிவிலிருந்து செய்தி வந்தது. ரத்தம் நின்றுவிட்டது, தாய் கண் திறந்தாள் என்றார்கள்.

வாசல் படிகள் உறைந்திருந்தன. இறங்குவதற்கு முன் ஜிபார் சல்கினாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வீட்டுப் பேச்சை எடுத்திருக்கக் கூடாது."

"எடுத்தீங்கல்ல, இன்னிக்கு நீங்கதான் சமைக்கணும்."

"உப்பை நீ போடு. எனக்குச் சக்கரையும் உப்பும் ஒண்ணுதான் இப்ப." சிரிக்கப் பார்த்தாள். பிறகு, "நாளைக்கு டோக்டோசுன்கிட்டப் பேசறப்ப நீயும் வரியா?" என்றாள்.

சல்கினாய் பதில் சொல்வதற்குள் வளைவில் ஒரு சிற்றுந்து வந்தது. "எத்தனாம் நம்பர் அது?" என்று ஜிபார் வெளிப்படையாகக் கேட்டாள். சல்கினாய் உற்றுப் பார்த்தாள். முன்கண்ணாடி முழுக்கப் பனி அப்பி, எண்பலகை வெள்ளையாக இருந்தது. அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து கையை நீட்டினார்கள்.