அணை உடைக்கும் விளையாட்டு

மருமகன் யசீகரன் படித்தவன். ஆல்பனியில் கொம்பியூட்டர் வேலை. படித்தவன் விளையாடினாலும் அதில் ஒரு பாடம் இருக்கும், நாங்கள் நின்று கேட்க வேண்டும்.

அன்று புக்கெகோஹி என்ற ஊரில் ஜெய் பிரகாஷ் என்ற பிஜிக்காரரின் வெங்காயத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். மேட்டில் ஒரு குளம். அதன் மண்கட்டில் ஓரிடத்தில் பழைய மரப்பலகைதான் கதவு. திறந்தால் தண்ணீர் கீழே வாய்க்காலில் விழுந்து, பாதைக்கு அடியில் இருக்கும் சீமெந்துக் குழாய் வழியாக ஓடும். வாய்க்கால் ஓரத்துத் துண்டு நிலத்தில் என் மனுசி கௌரி கத்தரி நட்டிருந்தாள். அங்கே களை பிடுங்கப் போய்விட்டாள்.

யசீகரன் ஆள் நீள விளையாட்டு விமானம் ஒன்றைக் காரிலிருந்து இறக்கினான். அதன் வயிற்றில் மணல் அடைத்த தகர ரின் இரண்டு.

“ரெண்டாம் உலக யுத்தத்தில ஜெர்மன்காரன்ர அணையை இங்கிலிஸ்காரர் இப்பிடித்தான் மாமா உடைச்சவங்கள். குண்டைத் தடுக்க அவன் தண்ணிக்குள்ள வலை கட்டியிருந்தவன். அதால குண்டைப் பின்பக்கமாச் சுழட்டி, தாழப் பறந்து விட்டவங்கள். தண்ணிக்கு மேல துள்ளித் துள்ளிப் போய்ச் சுவரில முட்டி, அதோட ஒட்டிக்கொண்டு கீழ இறங்கி வெடிக்கும்.”

“இருட்டில உயரம் எப்பிடித் தெரியும்?”

“ரெண்டு லைட். ரெண்டு வெளிச்சமும் தண்ணியில ஒண்டாச் சேர்ந்தா உயரம் சரி. பிறகு நேர்கோடு. குழம்பினா மேல எழும்பி, சுத்தித் திரும்ப வரவேணும்.”

கதவுக்குப் பக்கத்தில் ஒரு தகரத்தை நட்டு, அதுதான் இலக்கு என்றான்.

“பலகையில பட்டா?”

“படாது மாமா. கணக்குப் போட்டிருக்கிறன்.”

கணக்குப் போட்டுப் போட்ட குண்டுகள் எங்கள் ஊரில் எங்கே விழுந்தன என்று எனக்குத் தெரியும். சொன்னால் சிரிப்பான்.

அவன் அக்கரைக்குப் போய், விமானத்தின் கமரா காட்டுவதை மட்டும் காட்டும் கண்ணாடியைப் போட்டு, காதையும் மூடிக்கொண்டான். போன கிழமை கொண்டுவந்தது பற்றரியில் ஓடியது, சத்தமில்லை. இது பெற்றோல். தோட்டமே அதிர்ந்தது.

முதல் ரின் மூன்று தரம் துள்ளியது. தகரத்தை விட்டுப் பலகையில் அடித்தது. பலகை பிளந்து தண்ணீர் பீறியது.

கீழே பார்த்தேன். கௌரி இல்லை.

“கௌரி!”

“பொம்மர்! படுங்கோ!” குரல் குழாய்க்குள்ளிருந்து வந்தது.

வன்னியில் குண்டுவீச்சுக்குள் இருந்த சனத்துக்குத் தலைக்கு மேல் எஞ்சின் கேட்டால் கால் தானாகப் பள்ளம் தேடும். குண்டுக்கு ஒளிக்கக் குழாய் நல்ல இடம். அணை உடைந்தால் அதுதான் சவக்குழி.

“வெளியில வா! தண்ணி வருது!”

“எஞ்சின் நிக்கட்டும்! நீங்கள் ஏன் விசரன் மாதிரி நிக்கிறியள்?”

“மருமகன்ர விளையாட்டுப் பிளேனடி!”

“எல்லாம் விளையாட்டெண்டுதான் துவங்கினவங்கள்!”

அவள் கைக்கு எட்டாத ஆழத்தில் சுருண்டிருந்தாள். விமானம் திரும்பிக்கொண்டிருந்தது. இன்னொரு ரின் பட்டால் பலகை போகும். யசீகரனைக் கூப்பிட்டுப் பயனில்லை. விமானம் பார்ப்பதைத்தான் அவனும் பார்ப்பான்.

குளத்து மண்கட்டில் ஏறினேன். பலகைக்கு நேர் மேலே கையை விரித்து நின்றேன்.

நேரே வந்தது. தண்ணீரில் அதன் லைட்டுகளின் இரண்டு சிவப்புப் புள்ளிகள் நெருங்கி நெருங்கி ஒன்றாகின. காலுக்கடியில் பலகை முனகியது. விலகடா, விலகடா என்று வாய்க்குள் திட்டினேன். நான் நகரவில்லை.

கடைசியில் வெடுக்கென்று மேலே கிளம்பியது. காற்றுத் தலைமயிரைக் கிளப்பியது. பின்னால் பைன் மரத்தில் மோதும் சத்தம். பிறகு எஞ்சின் இல்லை.

சரிவில் உருண்டு இறங்கினேன். “நிண்டிட்டுது! வா!”

சேற்றோடு ஒரு கை வெளியே வந்தது. பிடித்து இழுத்தேன். இருவரும் வரம்பில் ஏறவும் பலகை முறிந்தது. தண்ணீர் குழாயின் வாயை நிரப்பிக்கொண்டு இரைந்தது.

யசீகரன் மூச்சு வாங்க ஓடி வந்தான். “மாமா, செத்திருப்பியள்! ஏன் குறுக்க நிண்டனீங்கள்?”

நான் குழாயைக் காட்டினேன். அவன் சேறு அப்பிய மாமியாரைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

“எழும்புங்கோ மாமி, வீட்ட போவம்.”

கௌரி எழும்பவில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னொண்டு இருக்கும். எப்பவும் ரெண்டாத்தான் வாறது.”

“இல்லை மாமி. ஒண்டுதான்.”

“கொண்டுவந்து காட்டு.”

அவன் மரத்தடியிலிருந்து உடைந்த மூக்கை எஞ்சினோடு தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தான். அவள் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். சூடு. கையை எடுக்கவில்லை. அது ஆறும்வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தோம்.