ஐந்தாம் பாகத்தில் ஒரு ஊசி

1

உண்மையை முதலிலேயே கக்கிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. திருடினேன். ஒரு துப்பாக்கி வீடியோ கேமுக்குக் கீழே ஜனங்கள் விமர்சனம் எழுதும் பக்கத்திலிருந்து, பட்டப்பகலில், காப்பி குடித்துக்கொண்டே திருடினேன்.

பத்திரிகை ஆசிரியர்தான் போன் செய்தார். "மேடம், இந்தச் சுடுற கேம் இருக்குல்ல, கோடிக்கணக்குல ஆடறாங்களாம். ஆடறவங்கள்ல பாதிப் பேரு ஆகா ஓகோங்கறான், பாதிப் பேரு காறித் துப்பறான். துப்பறவனும் விடாம ஆடறான். ஏன்னு ஒரு கட்டுரை குடுங்க. ஆயிரத்தைந்நூறு வார்த்தை. ஜாலியா இருக்கணும்."

சரி என்றேன். தெரியாத விஷயத்துக்குத்தான் நான் சட்டென்று சரி சொல்வேன். பிறகு உட்கார்ந்து ஆரம்பித்தேன்:

குண்டு மழைக்கு நடுவே இரண்டு வீரர்கள் –

(வேண்டாம். மழை என்றதும் எனக்கு மாடியில் காயும் துணி ஞாபகம் வருகிறது.)

மனித குலம் வேட்டையாடித் திரிந்த காலம் தொட்டே –

(மனித குலத்தை இழுத்தால் கையில் சரக்கு இல்லை என்று அர்த்தம்.)

என் வீட்டுக்காரரும் என் அண்ணனும் ஐந்து வாரமாகப் பேசிக்கொள்வதில்லை.

(இது இருக்கட்டும். இது நிஜம்.)

2

இரண்டு பேருக்கும் லிப்ட் பழுதுபார்க்கிற வேலை. ஒரே கம்பெனி, ஒரே ஜோடி. அண்ணன் சீனியர். மாடியில் தனியாக இருக்கிறார், சாப்பாடு எங்கள் வீட்டில். என் வீட்டுக்காரருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அண்ணன். பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அண்ணன். இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தது அண்ணன். யோசித்துப் பார்த்தால், என்னைக் கட்டி வைத்ததும் அண்ணன்தான்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஒருத்தர் லிப்ட் கூண்டின் தலைமேல் நிற்பார், இன்னொருத்தர் மொட்டைமாடி மோட்டார் ரூமில் இருப்பார். கீழே இருப்பவர் வாக்கிடாக்கியில் "மேலே, மெதுவா" என்பார். மேலே இருப்பவர் "மேலே, மெதுவா" என்று அப்படியே திருப்பிச் சொல்வார். திருப்பிச் சொன்ன பிறகுதான் கை பட்டன் மேல் போகலாம். சொல்லாமல் நகர்த்தினால் ஆள் காலி. பன்னிரண்டு வருஷமாக அண்ணன் இந்த விதியை மீறியதில்லை. வீட்டில்கூட "ரசம் போடு" என்றால், நான் "ரசம்" என்று சொல்கிற வரைக்கும் தட்டை நீட்டமாட்டார்.

வேலை முடிந்து வந்தால் இருவரும் கேம். அண்ணன் மாடியில், இவர் கீழே ஹாலில், காதில் ஹெட்போன். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அந்த கேமை ரசிப்பவர்களும் என் மேல் பாய்வார்கள், வெறுப்பவர்களும் பாய்வார்கள். அது வருஷா வருஷம் புதுப் பாகம் வருகிற வகை என்பது மட்டும் போதும். நாலாம் பாகம் வரைக்கும், அடிபட்டு விழுந்தால், கூட்டாளி ஓடிவந்து தூக்கிவிட வேண்டும். தானாக எழ முடியாது. என் வீட்டுக்காரர் ஆடும் லட்சணத்துக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விழுவார். அண்ணன் எங்கிருந்தாலும் ஓடிவருவார். "எந்திரி மாப்ள" என்ற சத்தம் கூரை வழியாக எனக்கே கேட்கும். நாலு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டே சமைத்திருக்கிறேன்.*

* ஆசிரியர் வன்முறை பற்றி ஒரு பத்தி கேட்டார். இதோ: தினமும் திரையில் நூறு பேரைச் சுடும் இந்த இரண்டு மாவீரர்களும் கரப்பான்பூச்சியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறுவார்கள். அடிப்பது நான். பத்தி முடிந்தது.

3

ஐந்தாம் பாகம் வந்தது. அதில் ஒரு ஊசி வந்தது. விழுந்தவர் ஒரு பட்டனை அழுத்தித் தனக்குத்தானே ஊசி போட்டு எழுந்துகொள்ளலாம். அவ்வளவுதான் மாற்றம்.

முதல் ஞாயிறு, முதல் ஆட்டம். இவர் வழக்கம்போல் விழுந்தார். அண்ணன் வழக்கம்போல் மைதானத்தின் அந்தக் கடைசியிலிருந்து ஓடிவந்தார். பாதி வழியில் யாரோ சுட்டு அண்ணன் செத்தார். ஏனென்றால் இவர் எப்போதோ ஊசி போட்டு எழுந்து, வாயே திறக்காமல் வேறு பக்கம் போயிருந்தார்.

"சொல்லியிருக்கலாம்ல மாப்ள?"

"நீங்க கேட்டிருக்கலாம்ல மச்சான்?"

"சொல்லாம நகர்ந்தா ஆள் செத்துருவான். தெரியாதா உனக்கு?"

"இது லிப்ட் இல்ல மச்சான். கேம்."

"உன்னைத் தூக்கத்தானே ஓடி வந்தேன்?"

"தூக்குங்கன்னு நான் சொன்னேனா?" என்றார் இவர். கொஞ்சம் நிறுத்தி, "என்னிக்காவது சொன்னேனா?" என்றார்.

அந்த இரண்டாவது கேள்விதான் கெடுத்தது. மாடியில் ஹெட்போனைக் கழற்றி வைக்கிற சத்தம் கேட்டது. அன்றிலிருந்து அண்ணன் கீழே வந்து சாப்பிடுவதில்லை, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். வேலையில் பேசாமல் இருக்க முடியாது, ஆள் செத்துவிடும். அதனால் பேசுகிறார்கள்: மேலே, கீழே, மெதுவா, நிறுத்து. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை.

போன வாரம் இவர் ஒரு தாளை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். வேறு ஜோடிக்கு, ஊரின் அந்தக் கோடியில் உள்ள கிளைக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். மாற்றல் கிடைத்தால் வீட்டையும் மாற்றவேண்டும். "நல்லதுதானே?" என்றார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன். எனக்கு இருப்பது இந்த இரண்டு பேர்தான். ஒருத்தரை மாடியில் விட்டுவிட்டு இன்னொருத்தரோடு லாரியில் ஏறுவதை நினைத்தாலே பயமாக இருந்தது.

4

(கட்டுரை எங்கே என்கிறார் ஆசிரியர். வருகிறேன் சார்.)

விமர்சனப் பக்கத்தை மூன்று நாள் படித்தேன். தலை சுற்றியது. "எல்லாத்தையும் மாத்திட்டானுங்க" என்று ஒருத்தர். அடுத்த வரியில் "ஒரு மண்ணும் மாத்தல" என்று இன்னொருத்தர். வேகம் தாங்கவில்லை என்பவரும் ஆமை வேகம் என்பவரும் ஆடுவது ஒரே கேம்தானா என்று மறுபடி பெயரைச் சரிபார்த்தேன். ரோஸ் கலர் முயல் வேஷம் போட்டுக்கொண்டு சுடுகிறார்களாம், "போர்க்களம்னா ஒரு மரியாதை வேண்டாமா?" என்று ஒரு பெரியவர் பொருமியிருந்தார். அவருக்குக் கீழே அந்த முயலே வந்து பதில் எழுதியிருந்தது.

நான் ஒரு கொள்கை எழுதினேன்: இத்தனை கோடிப் பேர் ஒன்றை ஆடும்போது ரசனை வேறுபாடு என்பது தவிர்க்க –

(தூ. இது கொள்கையா? கூட்டுறவு சங்க ஆண்டறிக்கை.)

அப்போதுதான் கண்ணில் பட்டது ஒரு ஒற்றை நட்சத்திர விமர்சனம்:

"பழுது ஒன்று: ஊசி. பழுது இரண்டு: ஊசி. பழுது மூன்று: மேற்படி. யாரும் யாரையும் தூக்க வேண்டியதில்லை என்றால் கூட்டாளி எதற்கு? நடவடிக்கை: உடனே அகற்றவும்."

உலகத்தில் லிப்ட் ஆய்வறிக்கை பாணியில் கேம் விமர்சனம் எழுதக்கூடிய ஆள் ஒருத்தர்தான். அவருக்கு நான்தான் காலையில் இட்லி கட்டிக் கொடுத்தேன்.

எனக்குக் கை துறுதுறுத்தது. ஐந்து நட்சத்திரப் பக்கமாகத் தேடினேன். இரண்டு மணி நேரத்தில் சிக்கியது:

"சுருக்கமாகச் சொல்கிறேன்." (அதன் பிறகு மூன்று பக்கம். என் வீட்டுக்காரர் சுருக்கமாகச் சொல்கிறேன் என்றால் நான் நாற்காலி இழுத்துப்போட்டுக்கொள்வேன்.) "நாலாம் பாகத்தில் என் கணக்குப் பக்கம் இப்படி இருக்கும். தூக்கப்பட்டது: 1,146. தூக்கியது: 0. ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல மனுஷர் ஓடிவந்து எந்திரி என்பார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. அதுதான் கஷ்டமே. நல்லவர் மேல் கோபப்பட முடியாது. ஐந்தாம் பாகத்தில் முதல்முறையாக நானே எழுந்தேன். சோபாவில் உட்கார்ந்தபடி எழுந்து நின்ற மாதிரி இருந்தது. இந்த ஊசியைக் கண்டுபிடித்தவர் நன்றாக இருக்கட்டும்."

படித்துவிட்டு அழுதேன். ஜாலிக் கட்டுரையில் இதை எழுதக்கூடாது, தெரியும். ஆனாலும் அழுதேன்.

ஆசிரியருக்கான பதில் இங்கேயே இருக்கிறது, வேண்டுமானால் வெட்டி எடுத்துக்கொள்ளட்டும். விமர்சனம் எழுதுகிறவர்கள் கேமைப் பற்றி எழுதுவதில்லை. அதற்குள் தாங்கள் யாராக இருந்தோம் என்று எழுதுகிறார்கள். அண்ணன் அதற்குள் தூக்குகிறவர். இவர் விழுகிறவர். கேம் கம்பெனிக்காரன் எங்கேயோ உட்கார்ந்து ஒரு ஊசியை வைத்தான், ஒருத்தருடைய உத்தியோகம் போச்சு, இன்னொருத்தருக்கு விடுதலை கிடைத்தது. கேம் பிரபலமாக ஆக, அதற்குள் குடியேறியவர்கள் அதிகம். அதிகம் பேர் குடியிருக்கிற வீட்டில் ஒரு ஜன்னலை மாற்றினாலும் ரகளைதான்.

5

ஒரு வாக்குமூலம். முதல் வரைவில் என் வீட்டுக்காரரை வில்லனாக எழுதினேன். நன்றி கெட்ட ஆள், சோம்பேறி, சாக்ஸைக் கண்ட இடத்தில் போடுபவர். (சாக்ஸ் நிஜம்.) கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார், அவர் கைவசம் இருந்தார். அண்ணனைத் தெய்வமாக எழுதினேன். அந்த 1,146-ஐப் பார்த்த பிறகு அந்த வரைவு நாறியது. தூக்கிவிடுகிற மனுஷர் ஒரு தடவையாவது "தூக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாரா? என் காதில் விழுந்ததில்லை, இத்தனைக்கும் கூரை மெல்லிசு.

இப்போது முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) இவர் தாளைக் கொடுக்கிறார். நாங்கள் வீடு மாறுகிறோம். அண்ணன் டிபன் பாக்ஸைக் கழுவி வைக்கிறார். – ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்கு வேண்டாம்.

(ஆ) ஆறாம் பாகத்தில் கம்பெனி ஊசியை எடுத்துவிடுகிறது. எல்லோரும் சமாதானம். – அண்ணன் ஜெயிப்பார், இவர் மறுபடி தரையில் கிடப்பார். இது முடிவா?

(இ) இரண்டு பேருக்கும் மற்றவர் விமர்சனத்தைக் காட்டுகிறேன். – காட்டப் போனேன். போனைக் கையில் எடுத்து மாடிப்படி பாதிவரை ஏறினேன். அதைப் படித்தால் அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே உடைந்து போவார் என்று தோன்றியது. ஒவ்வொரு "எந்திரி மாப்ள"வும் திரும்பி அவரையே அடிக்கும். இறங்கி வந்துவிட்டேன்.

பாதிப் படியில் ஒரு யோசனை வந்தது. அதை எழுதவில்லை, செய்தேன்.

6

நேற்று, சனிக்கிழமை மத்தியானம். அண்ணனிடம் போனேன். "அண்ணா, கட்டுரைக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கணும். கூட வர்றியா?" கீழே வந்து இவரிடம் அதையே சொன்னேன். மூன்று பேர் அணி என்று மட்டும் இருவரிடமும் சொல்லவில்லை.

படுக்கையறையில் என் லேப்டாப், ஹாலில் இவர், மாடியில் அண்ணன். திரையில் மூன்று பெயரும் வந்தன. யாரும் வெளியேறவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் நான் சந்தைக்குப் போகிற மாதிரி வெட்டவெளியில் நடந்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. விழுந்தேன்.

"விழுந்துட்டேன்" என்றேன்.

"ஊசி போடு" என்றார் இவர்.

"எதுன்னு தெரியலைங்க."

பொய். கீபோர்டின் அடியில் இருக்கிற நீளப் பட்டன். என் கட்டைவிரல் அதன் மேல்தான் இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் படித்து வைத்திருந்தேன்.

"நான் வரேன், நான் வரேன்" என்றார் அண்ணன். உடனே குரல் இறங்கிவிட்டது. "ஆனா நான் தண்ணித் தொட்டிகிட்ட இருக்கேன். நாப்பது செகண்ட் ஆகும்."

திரையில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன, பூஜ்யத்துக்குள் யாராவது தூக்காவிட்டால் நான் காலி. இருபத்திரண்டு, இருபத்தொன்று. இவர் எனக்குப் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் இருந்தார். இரண்டு எட்டு தூரம். வந்து என் தலைமாட்டில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ஹாலிலிருந்து சதுரம், முக்கோணம் போட்ட பட்டன்களையெல்லாம் கண்டபடி தட்டுகிற சத்தம் கேட்டது. திரையில் என் வீட்டுக்காரர் குதித்தார், குனிந்தார், துப்பாக்கியை மாற்றினார், என் முகத்துக்கு நேரே ஒரு வெடிகுண்டைக் கையில் எடுத்துவிட்டு அவசரமாக உள்ளே வைத்தார்.

பதினாலு.

"மச்சான்" என்றார்.

ஐந்து வாரத்தில் முதல் தடவை. மாடியில் நாற்காலி கிறீச்சிட்டது.

"தூக்கறதுக்கு எந்த பட்டன்?"

பதிமூன்று, பன்னிரண்டு. பிறகு அண்ணன், நான் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில், "உனக்குத் தெரியாதா மாப்ள?" என்றார்.

"நான் என்னிக்கு யாரைத் தூக்கினேன்? நீங்கதான் விடலையே."

குத்தலாகச் சொல்லவில்லை. சும்மா, பதற்றத்தில் வந்த உண்மை. அண்ணனுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. கூரை மெல்லிசு, மூச்சு இழுப்பது கேட்டது.

"சதுரம்" என்றார் அண்ணன். "அமுக்கிப் பிடி. விடாத."

"சதுரம்" என்றார் இவர். "அமுக்கிப் பிடி. விடாத."

7

என் தலைக்கு மேல் ஒரு வட்டம் நிரம்பத் தொடங்கியது. இதற்கு மேல் எழுதமாட்டேன்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு ஆசிரியர் இப்போதுதான் போன் செய்தார். "எழுந்தீங்களா இல்லையா மேடம்? தாளைக் குடுத்தாரா இல்லையா?" என்று கத்தினார். இன்று ஞாயிற்றுக்கிழமை சார், தாள் இன்னும் ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கிறது. அண்ணன் மாடியில் இருக்கிறார். டிபன் பாக்ஸை எடுக்க இன்னும் வரவில்லை. நான் மூன்று தட்டு வைத்திருக்கிறேன், அது வெறும் என் ஆசை, அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இவர்கள் இருவரும் சேர்வார்களா என்பதற்கு எனக்குத் தெரிந்த முடிவு என்று எதுவும் இல்லை. எனக்கு வேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது, அதை எழுதினால் நானும் ஓடிவந்து தூக்குகிற ஆளாகிவிடுவேன்.

அதனால் வாசகரே, கதையில் நான் இன்னும் கீழேதான் கிடக்கிறேன். வட்டம் பாதி நிரம்பியிருக்கிறது. மிச்சத்தை நீங்கள் முடித்துக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. ஆனால் விதி தெரியுமல்லவா? கையை வைப்பதற்கு முன் சொன்னதை ஒரு தடவை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள்.

சதுரம். அமுக்கிப் பிடி. விடாத.