கணக்குப்புலியின் பெரிய மனது

பெராக்சைடு என்னும் நச்சு பட்ட செல்லில் அதைக் காக்கும் மரபணு எப்போது விழிக்கும் என்று சமன்பாடு போடுபவருக்கு, ஆய்வகத்தில் கணக்குப்புலி என்று பெயர். அவர் சமன்பாட்டை வைத்துக் கணினி வரைந்த கோட்டோடு உதவியாளப் பெண்ணின் அளவுகள் ஒட்டவே இல்லை. "கவனமில்லாம செஞ்சா இப்படித்தான். திரும்பச் செய்!" என்று எல்லோர் முன்னாலும் எரிந்து விழுந்தார். அவளும் புதிதாகச் செல் வளர்த்து அளந்தாள்.

இன்று காலை சமன்பாட்டைத் திறந்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் நிமிடத்தில் கொடுத்த நேரத்தை இவர் மணியென்று கணினியில் ஏற்றியிருந்தார். திருத்தியதும் அவளுடைய பழைய புள்ளிகள் அத்தனையும் கோட்டில் சமர்த்தாய் உட்கார்ந்தன.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், தப்பு தன்னுடையதென்று சொல்ல அவளிடம் போனார். அவள் கண் சிவந்திருந்தது.

"மன்னிச்சிருங்க சார். மறுபடியும் அதேதான் வருது. நான்தான் எங்கயோ சொதப்புறேன்."



"பரவாயில்லம்மா, விடு" என்று பெரிய மனது பண்ணி மன்னித்தது அவர் வாய்.