காத்தாடிப் பெண்

விளக்கு அணைந்ததும் வெர்னா கிட்ரிட்ஜ் மடியில் இருந்த சோளப்பொரியைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரையில் மஞ்சள் புல் மூடிய குன்று வந்தது. அதன் உச்சியில் ஒரு சிறுமி தோன்றி, சிவப்புக் காத்தாடியை இழுத்துக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக நேரே ஓடி வந்தாள். முகம் தெளிவாகத் தெரிகிற நேரத்தில் படம் உறைந்தது. அவள் காலடியில் 'காலிஸ்டா பிக்சர்ஸ்' என்ற எழுத்து வந்தது, இருண்டது. வெர்னா எழுந்து வெளியே போனாள். அதற்குப் பிறகுதான் அன்றைய படத்தின் கதையே தொடங்கியது.

பர்பாங்க்கில் சினிமாக்காரர்கள் கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை இருக்கையை விட்டு எழ மாட்டார்கள். எழுந்தால், தன்னோடு வேலை செய்தவனை அவமதித்ததாக அர்த்தம். அப்படிப்பட்ட ஊரில் முதல் சில விநாடிக்காக டிக்கெட் வாங்குகிறவள் இவள் ஒருத்திதான்.

"என்ன மேடம், இன்னிக்கும் படம் புடிக்கலையா?" என்று வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் கேட்டான்.

"புடிச்சத மட்டும் பாத்தாச்சுப்பா."

அந்தச் சிறுமி அவள் மகள் ரோண்டா. ஆறு வயதில் எடுத்தது. கம்பெனியின் முத்திரைப் படத்துக்கு ஓடத் தெரிந்த ஒரு குழந்தை வேண்டும் என்று, வெர்னா வேலை பார்க்கும் தையல் கூடத்தில் வந்து கேட்டபோது, முதலில் கையைத் தூக்கியவள் அவள்தான். கவுனையும் அவளே ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்தாள்.

அதற்குப் பிறகு காலிஸ்டா எத்தனை கை மாறிவிட்டது! ஆரம்பித்த அண்ணன் தம்பி முகம் கொடுத்துப் பேசாமல் போய், டயர் கம்பெனிக்கு விற்றார்கள். டயர்க்காரன் விஸ்கிக்காரன் தலையில் கட்டினான். அவனிடமிருந்து ஜப்பான் டிவிக்காரன், அவனிடமிருந்து கேபிள்காரன். முதலாளி யார் என்பது கிறிஸ்துமஸ் பரிசைப் பார்த்தால்தான் உள்ளே இருப்பவர்களுக்கு உறைக்கும். கார் இல்லாத வெர்னாவுக்கு ஒரு வருடம் இரண்டு டயர் வந்தது. வந்தவன் ஒவ்வொருவனும் முந்தியவன் பெயரை அழித்துவிட்டு, சிறுமியின் காலடியில் தன் பெயரைப் பொடி எழுத்தில் போட்டுக்கொண்டான். ரோண்டாவை மட்டும் யாரும் தொடவில்லை. இப்போது வாங்கியிருப்பது தொலைபேசிக் கம்பெனி. ஆளுக்கொரு கைபேசி கொடுத்தார்கள். கையோடு, குன்றும் வேண்டாம், குழந்தையும் வேண்டாம், ஒரு நீல வட்டம் போதும் என்றும் சொல்லிவிட்டார்கள். கொள்ளையில் போக!

நிஜ ரோண்டா இரண்டு மணி நேரத் தூரத்தில், பேக்கர்ஸ்ஃபீல்டில், நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறாள். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ்தான் பேச்சு. கடைசியாக நேரில் வந்தபோது சாப்பாட்டு மேசையில் வெடித்தாள். "உனக்கு அந்தக் காத்தாடிப் பொண்ணத்தாம்மா புடிக்கும். அவ வாயத் தொறக்க மாட்டா பாரு."

"பேத்தாதடி. அன்னிக்கு நீ ஓடி வந்தப்ப உன்ன வாரித் தூக்கினேன். தூக்கிச் சுத்தினேன்."

"நீ என்னைத் தூக்கவே இல்லம்மா."

அதோடு எழுந்து போனவள்தான். தூக்கினேன், தூக்கினேன் என்று வெர்னா பாத்திரம் கழுவும்போதுகூட வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். உறைந்துபோன இடத்துக்கு அப்புறமும் படம் எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்? அதைப் பார்த்துவிட்டால் மகளிடம் முகத்துக்கு நேரே சொல்லலாம். வா என்று கூப்பிடலாம். பெற்ற பிள்ளையைக் கூப்பிட ஒரு சாட்சி வேண்டியிருந்தது அவளுக்கு.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் பிலிம் கிடங்கின் கதவைத் தட்டினாள். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வார்த்தான் பக்கத்து ஊர் கிளெண்டேலைச் சேர்ந்த ஆர்மீனியன். தையல் கூடத்துக்கும் கிடங்குக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

"கேபிள்காரன் கம்பெனிய ஆறா அறுத்துப் போட்டானா இல்லையா? உன் கூடம் ஒரு கம்பெனி, என் கிடங்கு வேற கம்பெனி. சட்டப்படி நீ வெளியாளு வெர்னா. உனக்குப் படம் காட்டணும்னா உன் கம்பெனி என் கம்பெனிக்கு வாடகை கட்டணும்."

"இத்தன வருஷமா என் டப்பாவத் திருடித் தின்னியே, அப்ப தெரியலையா நான் வெளியாளுன்னு?"

வார்த்தான் சிரித்துவிட்டான். "வெள்ளிக்கிழம எல்லாம் லாரி ஏறுது. கான்சாஸ்ல உப்புச் சுரங்கமாம், அதுக்குள்ள வச்சா பிலிம் கெடாதாம். வா, கதவச் சாத்து."

பெட்டியைத் தேடி எடுத்து, சுருளைப் படம் ஓட்டிப் பார்க்கும் மேசையில் மாட்டினான். அதன் சின்னக் கண்ணாடித் திரையில் சத்தமில்லாமல் குன்று வந்தது. முதல் டேக். ரோண்டா ஓடி வந்தாள். வழக்கமாக உறைகிற இடத்தைத் தாண்டியும் வந்தாள். வெர்னா மேசை விளிம்பை இறுகப் பிடித்தாள். ஓரத்திலிருந்து பச்சைச் சட்டை போட்ட இரண்டு கைகள் நீண்டன. குழந்தை காத்தாடியைப் போட்டுவிட்டு, அந்தக் கைகளுக்கு உரியவளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தது.

"என் சட்ட! பாத்தியா வார்த்தான், நான்தான்! பாத்தியா!"

கைகள் குழந்தையின் தோளைப் பற்றின. தூக்கவில்லை. மெல்லப் பிரித்து நிறுத்தின. குழந்தையைத் திருப்பி, கவுனின் பின்பக்கச் சுருக்கத்தை நீவி, நூலைக் கையில் திணித்து, முதுகில் தட்டிக் குன்றுக்கு அனுப்பின. குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

வார்த்தான் தொண்டையைச் செருமினான். "முதல் டேக் ஒத்து வரலபோல. திரும்ப எடுக்கத்தானே வேணும்."

"அடுத்தது போடு."

அடுத்ததிலும் குழந்தை ஓடிவந்து கட்டிக்கொண்டது. அதே கைகள் அதேபோலத் திருப்பி அனுப்பின. அதற்கடுத்ததிலும் அப்படியே. கவுன் நேராக இருக்கிறதா என்பதில்தான் அந்தக் கைகளுக்கு எவ்வளவு கவனம்!

"கடைசி டேக் போடு," என்றாள் வெர்னா. "அதுலதான் தூக்கியிருப்பேன். அதுக்கப்புறம் திருப்பி அனுப்ப வேலையில்லையே."

வார்த்தான் சுருளை ஓட்டி நிறுத்தினான். கடைசி டேக்தான் உலகம் பார்த்தது. அதே சிரிப்பு, அதே காத்தாடி. உறைகிற இடம் வந்தது, தாண்டியது. பச்சைக் கைகள் இந்த முறை அகலமாக விரிந்தன. தூக்கத்தான் விரிந்தன, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குழந்தை ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டாள். சிரிப்பை அணைத்தாள். நூலை விடாமல், யாரும் சொல்லாமல், தானாகவே திரும்பி, நீவிவிடுவதற்கு வசதியாக முதுகைக் காட்டி நின்றாள்.

வார்த்தான் மேசையை நிறுத்தினான். எழுந்து வெளியே போனான்.

வெர்னா முதலாளி கொடுத்த கைபேசியை எடுத்தாள். இரண்டு முறை எண்ணைத் தப்பாக அழுத்தினாள். அந்தப் பக்கம் நாய்க் குரைப்புக்கு நடுவே குரல் கேட்டது.

"அம்மாவா? கிறிஸ்துமஸ்கூட இல்லையே. என்னாச்சு?"

"ஒண்ணுமில்லடி. நீ சொன்னதுதான் சரி."

"எது?"

"நான் பஸ் புடிச்சு அங்க வரட்டுமா?" என்று மட்டும் கேட்டாள் வெர்னா.

அந்தப் பக்கம் நாய்கள் குரைத்தன. ரோண்டா ஃபோனை வைக்கவில்லை, மூச்சு கேட்டது. கண்ணாடியில் குழந்தை முதுகைக் காட்டியபடியே நின்றாள். அவளுக்குப் பின்னால் பச்சைக் கைகள் இரண்டும் விரிந்தது விரிந்தபடி இருந்தன.