இடையில் இறங்கக் கூடாது

எங்கள் ஆட்களுக்குள் எனக்கு 'விதிமுறை' என்று ஒரு பட்டம் உண்டு. கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தால், பார்க்கிங் தண்டம் வந்தால், "விதிமுறையிட்டைக் குடுங்கோ, அடியிலை கிடக்கிற சின்ன எழுத்தையும் அவன் விடமாட்டான்" என்பார்கள். கேலிதான். எனக்கு அது பெருமையாகவே இருந்தது. ஒருவரும் படிக்காததைப் படிக்கிறவன் நான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

தமிழ்க் கடைகளுக்குக் குளிர்ப்பெட்டி பொருத்திப் பூட்டுவது என் தொழில். வீடு ஹவுன்ஸ்லோவில். 2009 ஒக்டோபரில் பிறைற்றனில் மூன்று நாள் வேலை முடித்து, அங்கிருந்தே அடுத்த வேலைக்கு நியூகாசில் போகவேண்டியிருந்தது. ஆறு கிழமைக்கு முன்பே மலிவு டிக்கட் எடுத்து வைத்திருந்தேன். மலிவு சும்மா வராது. குறித்த ரயிலில்தான் ஏறலாம். ரயில் மாறலாம், ஆனால் இடையில் இறங்கி வெளியே போகக் கூடாது. போனால் மிச்சப் பயணத்துக்கு அந்த டிக்கட் செல்லாது. அதையும் ஓர் எழுத்து விடாமல் படித்திருந்தேன்.

என் ஒரே அண்ணன் தவராசா அப்போது குரோய்டனில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஈரலில் புற்றுநோய். இன்னும் மூன்று நாலு கிழமை போகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை திரும்பி வந்ததும் போய்ப் பார்ப்பதாக இருந்தேன். அன்று வியாழன்.

ரயில் ஹேவர்ட்ஸ் ஹீத் தாண்டும்போது அண்ணி யோகமலர் ஃபோன் எடுத்தார்.

"தம்பி, கொண்ணர் காலமையிலையிருந்து உங்களைத்தான் கேட்டபடி. ஒரு மாதிரிக் கிடக்கிறார். உங்களிட்டை ஏதோ சொல்லவேணுமாம். எங்கை நிக்கிறியள்?"

"ட்ரெயினிலை அண்ணி. நியூகாசில் போறன்."

"அது ஈஸ்ட் குரோய்டனிலை நிக்கும்தானே? இறங்கினா பஸ்ஸிலை கொஞ்ச நேரம்தான்."

நிற்கும். அதுதான் சிக்கல். இறங்கினால் கிங்ஸ் குரொஸில் மாறி ஏறவேண்டிய இரண்டு மணி ரயில் போய்விடும், டிக்கட் குப்பைக்குப் போகும், நியூகாசில் கடைக்காரன் குதிப்பான். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சாகக் கிடக்கிறவரின் மனைவியிடம் டிக்கட் விதி பேச எந்த நாக்குக்குத் துணிவு வரும்? பிடிகொடுக்காமல் சளாப்பினேன்.

"பாப்பம் அண்ணி," என்றேன். "அப்ப சரி, வாறன்."

எங்கள் பேச்சில், விடைபெறுகிறவன் 'போறன்' என்று சொல்வதில்லை. அது அபசகுனம். 'வாறன்' என்றுதான் சொல்லுவான். ஃபோனை வைக்கும்போதும் அதே சொல்தான். நான் அதைச் சொன்னது ஃபோனை வைப்பதற்கு.

ஈஸ்ட் குரோய்டன் வந்தது. எழுந்து கருவிப் பையைத் தோளில் போட்டேன். கதவு திறந்தது. ஓர் அடி வைத்தால் பிளாட்பாரம். வெளியே போகிற வாசலில் நிற்கிறவன் இந்த டிக்கட்டைப் பார்த்து என்ன சொல்லுவான் என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது ஆறுதலாக இருந்தது. சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தானே என்று திரும்ப உட்கார்ந்தேன்.

கிங்ஸ் குரொஸில் ஏறிய ரயிலில் எனக்கு ஒதுக்கிய இருக்கை அமைதிப் பெட்டியில். கைபேசிச் சத்தம் கேட்கக் கூடாது என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டியிருந்தால் என்னைப் போன்றவனுக்கு வேறென்ன வேண்டும்? அணைத்துப் பைக்குள் போட்டேன். கொண்டுவந்த பாணைச் சாப்பிட்டேன். நித்திரையும் கொண்டேன்.

டொன்காஸ்ரர் நெருங்கும்போது கைபேசியைப் போட்டுப் பார்த்தேன். அண்ணி பதினொரு தரம் எடுத்திருந்தார். கதவடிக்கு ஓடிப்போய் நின்று அவருக்கு எடுத்தேன்.

"எங்கை தம்பி நிக்கிறியள்? பஸ் கிடைக்கேல்லையோ?" அவர் அழக்கூட இல்லை. "கொண்ணர் போயிட்டார். இப்பதான், பத்து நிமிசம். நீங்கள் வாறனெண்டு சொன்னனீங்கள் எல்லே."

என் சொல் எங்கே போய் விழுந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

டொன்காஸ்ரரில் இறங்கினேன். திரும்பிப் போக டிக்கட் எடுப்பதற்கு வெளியே வந்தேன். வாசலில் நின்ற பெண் யாரோடோ சிரித்துக் கதைத்தபடி, என்னைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். டிக்கட் என் கையிலேயே இருந்தது. அவள் கேட்கவில்லை.

தோர்ண்டன் ஹீத்தில் அண்ணன் வீட்டுக்கு நான் போய்ச் சேர இருட்டிவிட்டது. சப்பாத்துகள் வாசல் நிறையக் கிடந்தன. அண்ணி என்னைக் கண்டதும் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"நோவுக்கு ஊசி போட நேர்ஸ் வந்தவ. வேண்டாமெண்டிட்டார். போட்டா நித்திரையாப் போயிடுவன், தம்பி வாறனெண்டவன், அவனோடை கதைக்கவேணும் எண்டார். நானும் போடவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். ரண்டரை மணித்தியாலம், தம்பி. பல்லைக் கடிச்சுக்கொண்டு கதவைப் பாத்தபடி கிடந்தவர்."

"என்ன சொல்லவேணுமெண்டவர்?"

"எனக்குச் சொல்லேல்லை. உங்களிட்டைத்தான் சொல்லுவாராம்."

அந்த வருடம் மே மாதம் லண்டனில் எங்கள் வீடுகள் எல்லாம் செத்தவீடுகள்தான். வன்னி யுத்தத்தில் செத்தவர்களின் முகத்தைப் பார்க்க ஒரு வழியில்லையே என்று தலையில் அடித்து அழுதோம். நானும் அழுதேன். எனக்கோ வழி இருந்தது. ரயில் நின்றது. கதவும் திறந்தது.

"அண்ணி, பஸ் பிந்தேல்லை," என்றேன். "நான் இறங்கேல்லை."

"ஏன்?"

"அந்த டிக்கட்டிலை இடையிலை இறங்கேலாது."

அவர் என் முகத்தையே பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஆட்கள் கலையத் தொடங்கியதும் நானும் எழும்பினேன். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், அண்ணி பின்னால் நிற்கிறார். நாற்பது வருடப் பழக்கம், வாய் தானாகவே திறந்தது.

"அண்ணி, அப்ப நான் வா..."

அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"செத்தவீட்டிலை அந்தச் சொல்லுச் சொல்லக்கூடாது, தம்பி. சும்மா போங்கோ."