அறுபத்து மூன்று திருப்திகள்

பூவராகவனுக்காக ஆதரவுக் கடிதம் எழுத வேண்டும் என்று முதலில் சொன்னவன் நானே. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் உறுப்பினர் பதவி ஒன்றுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டிருந்தது. பதிவு பெற்ற நுகர்வோர் சங்கங்களின் கருத்தையும் கேட்டிருந்தார்கள். கும்மிடிப்பூண்டியில் எங்கள் சங்கமும் அவற்றுள் ஒன்று. தலைவன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியனாகிய நான். செயலாளர் ஏஞ்சல், சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் வேலை பார்ப்பவள்.

கருத்து அனுப்பக் கடைசி நாளன்று காலை, ரயில் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியிலுள்ள சங்க அறையில் நான், ஏஞ்சல், பூவராகவன் மூவரும் கூடினோம். பூவராகவன் ஆர்.கே.பேட்டைக்காரர்; ஒரு கைபேசி நிறுவனத்தில் எங்கள் பகுதிப் புகார்களைக் கவனிக்கும் அதிகாரி. எத்தனை முறை போய் நின்றாலும் முகம் சுளிக்காமல் உட்காரவைத்துப் பேசுபவர். கடிதத்தோடு இணைப்பதற்காக, சென்ற ஆண்டு நாங்கள் அனுப்பிய புகார்களின் பட்டியலை அவரே கொண்டுவந்திருந்தார். புகார்கள் அறுபத்து மூன்று. அறுபத்து மூன்றும் தீர்க்கப்பட்டவை.

"நூத்துக்கு நூறு, சார்! வேற எந்த ஏரியாவுலயும் இப்படிக் கிடையாது" என்றார். பரிசுக் கோப்பையோடு வீடு திரும்பும் மாணவனின் முகம் அது.

நான் வழக்கம்போல் ஒரு கதையோடு தொடங்கினேன். "ஒரு காட்டில் மான்களெல்லாம் கூடித் தங்களுக்கு ஒரு காவலனைத் தேடினவாம்..."

"மான் கொஞ்சம் நிக்கட்டும் சார்" என்றாள் ஏஞ்சல். இரவு ஷிப்டு முடித்து நேராக வந்திருந்தாள். அவள் விரல் பட்டியலில் ஓர் இடத்தில் நின்றிருந்தது. "இது இன்னா? முப்பத்தொண்ணு. முத்தம்மா."

"நம் முத்தம்மாதான். வீட்டுக்குள் சிக்னல் இல்லையென்று எழுதிக்கொடுத்தாரே?"

"எழுதிக் குடுத்தது டிசம்பர். மார்ச் பதினாலாந்தேதி காலையில 'வாடிக்கையாளரிடம் பேசினோம், திருப்தி தெரிவித்தார்'னு போட்டுக்கீது. முத்தம்மாக்கா செத்தது ஜனவரி."

முத்தம்மா சிப்காட் வாயிலில் இட்லிக் கடை வைத்திருந்தவர். ஏஞ்சலுக்கு அடுத்த வீடு. பொங்கலுக்கு மறுநாள் அவருக்கு நெஞ்சு வலித்தபோது, நூற்றெட்டை அழைப்பதற்காக ஏஞ்சல் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ரயில்வே கேட்டு வரை ஓடினாள். அங்கேதான் ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது முத்தம்மாவுக்கு அது தேவைப்படவில்லை.

ஏஞ்சல் பூவராகவனைப் பார்த்தாள். "சுடுகாட்டுல டவர் நல்லா எடுக்குதா சார்?"

அவர் திகைத்துப் போனார். "இல்லம்மா, பேசாம புகாரை மூட முடியாது. யாரோ பேசியிருக்காங்க. எந்த நம்பர்ல பேசினாங்கன்னு அந்த வரியோட கடைசியில இருக்கும் பாரு."

ஏஞ்சல் பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினாள்.

அது என் எண். முத்தம்மாவுக்கு மட்டுமன்று, மேலே தானியேல், கீழே நந்தினி, அடுத்த பக்கத்தில் ஜெரால்ட், எல்லாருக்கும் என் எண்.

வீட்டில் சிக்னல் இல்லாதவரை அழைப்பது எப்படி? ஆலைக்குள் போகிறவர்களோ கைபேசியை வாயிலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். ஆகவே 'மாற்று எண்' என்ற இடத்தில் எல்லாரும் என் எண்ணை எழுதினார்கள். "சார் எப்பவும் எடுப்பாரு" என்று நம்பினார்கள். நானும் எடுத்தேன். நிறுவனத்திலிருந்து யாரோ ஒரு பெண் அழைத்து, கடகடவென்று ஏதோ எண்களைச் சொல்லிவிட்டு, "திருப்திதானா சார்?" என்பாள். என் கைபேசியைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தேன். இல்லையென்று சொல்லி அந்தப் பிள்ளையின் வேலைக்குத் தீங்கு வந்துவிடக் கூடாதே என்று, "மிகவும் திருப்தி அம்மா, நன்றாக இரு" என்பேன். இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார்களே என்று மகிழ்ந்ததும் உண்டு. அறுபத்து மூன்று முறை!

கேள்வியை முழுதாகப் படித்துவிட்டு விடை எழுது என்று முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பில் சொன்னவன் நான்.

"அக்காவுக்கு பதிலா நீங்களா சார் சொன்னீங்க?" ஏஞ்சல் மெதுவாகத்தான் கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பூவராகவனும் அப்போதுதான் அறிகிறார் என்பது தெரிந்தது. குரலைத் தாழ்த்தினார். "சார், இந்த லிஸ்ட் வேண்டாம். கடிதம் மட்டும் போதும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மெட்ராஸ்ல குடுக்கணும். எனக்கு இன்னொரு சான்ஸ் வராது சார்."

"அப்ப மூடுனது மூடுனதுதானா?" என்றாள் ஏஞ்சல். "எங்க தெருவுல இன்னிக்கும் டவர் இல்ல. நாளைக்கு யாருக்குனா வலிச்சா, நான் மறுபடியும் ஓடிக்கினு இருக்கணுமா?"

மான் கதை மறந்துபோயிற்று. வேறொன்று நெஞ்சில் வந்து நின்றது. ஏரியில் நீர் போதுமா என்று விசாரிக்க வந்த கொக்கிடம், கரையில் வெயில் காய்ந்த ஆமை "நலம்" என்றதாம். கொக்கு அதை அரசனிடம் சொல்லிப் பட்டம் பெற்றதாம். இருவரும் பொய் சொல்லவில்லை. மீன்களைத்தான் யாரும் கேட்கவில்லை. அந்தக் கதையை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தாளை எடுத்து எழுதினேன். பூவராகவன் எளிதில் அணுகத்தக்கவர், கை சுத்தமானவர் என்று எழுதினேன். இணைத்துள்ள பட்டியலின் திருப்திகள் அனைத்தும் என்னுடையவை, புகார் கொடுத்தவர்களுடையவை அல்ல என்றும், முப்பத்தொன்றாம் எண்ணுக்குரியவர் அப்போது உயிரோடு இல்லை என்றும் எழுதினேன். அறுபத்து மூன்றையும் மீண்டும் திறக்க அவர் இசைந்தால் எங்கள் சங்கம் அவரை ஆதரிக்கிறது என்று முடித்தேன். நானும் ஏஞ்சலும் கையெழுத்திட்டோம்.

பூவராகவன் இரண்டு முறை படித்தார்.

"இதைக் கொண்டுபோனா எனக்குப் பதவி கிடைக்காது, சார்."

"கிடைக்காமல் போகலாம். ஆனால் வேறு கடிதம் எழுத என்னால் இயலாது."

அவர் கடிதத்தைப் பையில் வைத்து எழுந்தார். போய்விடுவார் என்றே நினைத்தேன். கதவருகே நின்று, "உங்க தெரு எங்கம்மா இருக்கு?" என்று ஏஞ்சலைக் கேட்டார்.

ஷேர் ஆட்டோவில் போனோம். பூட்டிக் கிடந்த முத்தம்மாவின் வீட்டு வாசலில் நின்று கைபேசியை உயர்த்தினார். ஒரு கோடும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். கை இறங்கவேயில்லை. லாரிகளுக்கு ஒதுங்கி, சாக்கடையைத் தாண்டி, வியர்வை வழிய ரயில்வே கேட்டை அடைந்தபோதுதான் கைபேசி உயிர் பெற்றது.

மீண்டும் கடிகாரத்தைப் பார்த்தார். பையிலிருந்த கடிதத்தை எடுத்து, ரயில்வே கேட்டின் கம்பத்தின்மேல் வைத்து, எங்கள் கையெழுத்துக்குக் கீழே தம் கையால் எழுதினார்: "இசைகிறேன். முத்தம்மா வீட்டிலிருந்து சிக்னல் வரை, நடை, பதினொரு நிமிடம்."

பிறகு, சென்னைக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.