கடல் மண்

“கடல் மண் கலந்ததெண்டு எழுதுங்க, மாமா.”

யதுசா சொன்னதும் ஞானமுத்து மாமாவின் பேனை நின்றது. அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாதென்று அவள் மகளுக்குச் சொல்லி வளர்த்த பேச்சு அது.

அடக்க ஆராதனையில் வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு வேண்டும். மாமா எழுதியிருந்தார்: ‘மேசன் யோனா, ஒப்பந்தகாரரான தன் மைத்துனரின் கீழ் உண்மையாய் உழைத்து, சுனாமியில் வீடிழந்தோருக்கு வீடுகள் கட்டினார்.’

“கட்டினவர்தானே. இதில என்ன பிழ?”

“ஆத்து மண்ணுக்குக் காசெடுத்திட்டு, கடல் மண்ண அள்ளிக் குடுத்தது ஆரு? உப்பில கம்பி கறள் பிடிச்சுச் சுவர் வெடிக்கக்குள்ள நீங்க கோயில்ல முன்வாங்கில இருந்தீங்க.”

“கெம்பஸ் போனதும் வாய் நீண்டிட்டு. அப்பாவையும் சேத்துக் கள்ளனாக்கப் போறியா? கலந்தது அவருட கை.”

“ஓம். அவரும் அப்பிடித்தான் சொன்னவர்.”

சொன்னதோடு நிற்கவில்லை அந்த மனிதர். பதினொரு வீட்டோடு மாமாவின் வேலையை விட்டார். கிழமையில் ஐந்து நாளும் சாய்ந்தமருதில் கூலிக்குப் பூச்சு வேலை. சனிக்கிழமைகளில், அந்தக் கூலியில் வாங்கிய சீமெந்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, தான் கட்டிய அந்தப் பழைய வீடுகளுக்குப் போவார். வெடித்ததைக் கொத்தி, கம்பியைச் சுரண்டி, ஆற்று மண்ணால் திரும்பக் கட்டுவார். தேத்தண்ணிக்கு மேல் ஒன்றும் வாங்கமாட்டார். “கர்த்தரிட்ட வாயால மன்னிப்புக் கேட்டாக் காணாது, கையாலயும் கேக்கணும்” என்பார். முந்தநாள் சனிக்கிழமை, அவற்றில் ஒன்றான பாத்தும்மா வீட்டின் குசினிச் சுவரடியில்தான் மேசன் கரண்டியோடு சரிந்தார்.

அந்தப் பாத்தும்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மாமா கடதாசியை மடித்தார்.

“எங்கட ஊட்டில இவருக்குப் பேரே சனிக்கிழம மருமகன்தான், புள்ள” என்றாள் அம்மாவின் கையைப் பிடித்து. “சொந்த மருமகன் ஒரு ஆணி அடிச்சுத் தரல்ல. இவரு ஏன் வாறாரெண்டு கேட்டா, ‘உங்கட ஊட்டில எனக்கு ஒரு வேல மிச்சம்’ எண்டுவாரு. என்ன வேலையோ, கடைசிவரைக்கும் சொல்லல்ல.”

அம்மா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

பாத்தும்மா வெளியே பெண்களோடு போய் இருந்தபின் மாமா குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க குந்தியிருக்கிற வீட்டு வளவு என்ர பேர்ல. அத மறந்திட்டுக் கதைக்காத.”

“மறக்கல்ல. அந்த வீடுகள்ல புள்ளையள் படுக்கிற அறைக்கு மேல கடல் மண் கொங்கிறீட்டு நிக்குது, மாமா. அப்பா இல்ல இனி. ஆரு போய்ப் பாக்கிற? அந்தச் சனத்துக்குத் தெரியணும். இன்னும் மூண்டு வீடு மிச்சம்.”

மாமா அம்மாவைப் பார்த்தார்.

“தங்கச்சி, உன்ர மகளுக்குச் சொல்லு.”

அம்மா அப்பாவின் சட்டைக் கொலரைச் சரிசெய்தாள். அவரது விரல் நகத்தில் சீமெந்து இன்னும் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டப் போனவள் விட்டுவிட்டாள்.

“மூண்டில்ல” என்றாள், தலை நிமிராமல். “நாலு. மசூர்ர வீட்டையும் சேத்து.”

மாமா கடதாசியை நீட்டினார். யதுசா அதை வாங்கவில்லை. அவரைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். பந்தலில் ஆண்கள் பேச்சை நிறுத்திக் கதிரைகளை ஒதுக்கினார்கள். போதகர் ஐயாவின் உயரத்துக்கு மைக் நின்றது. திருகாணியைத் தளர்த்தி, அதைத் தன் வாய்மட்டத்துக்கு இறக்கினாள்.